தண்ணீர் வழியே பாங்காக்

ஆசிய வீதிகள் – 14

மாலை ஐந்தரை மணிக்கு பாங்காக்கின் அசோக் சந்திப்பில் சுகும்வித் சாலை அப்படியே நின்றுபோகும். சிவப்பு விளக்கு நிமிடக்கணக்கில் எரியும். டாக்சிக்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இத்தனை வண்டிகள் நிற்கும் இடத்தில் ஹாரன் சத்தம் அநேகமாகக் கேட்பதில்லை. முதல் முறை வரும் நம் ஊர்க்காரரை மலைக்கவைப்பது அதுதான். தலைக்கு மேலே 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் ரயில். காலுக்குக் கீழே 2004-ல் வந்த மெட்ரோ. இரண்டிலும் நிற்க இடமில்லை. அப்படியும் நடுவே சாலைக்கு விமோசனம் கிடைக்கவில்லை.

ஆசியாவில் எனக்கு மிகவும் பிடித்த நகரம் இது. பாங்காக்கின் நெரிசலைக் குறை சொல்லி எழுதியவர்கள் ஏராளம். அந்த நெரிசலின் வேரைத் தேடிக்கொண்டு போனால் தண்ணீரில் போய் நிற்கும். சாலையில் ஏன் சிக்கிக்கொள்கிறோம், சந்துகள் ஏன் பாதியில் முடிகின்றன, மழை பெய்தால் ஏன் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, ஒரு கிண்ணம் நூடுல்ஸ் ஏன் அத்தனை சின்னதாக இருக்கிறது என்று எதைக் கேட்டாலும் பதில் கால்வாயில்தான் கிடக்கிறது.

1782-ல் முதலாம் ராமா தலைநகரை சாவ் பிராயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அதுவரை எதிர்க்கரையில் இருந்த தோன்புரிதான் தலைநகர். அரண்மனைக்கென்று தேர்ந்தெடுத்த இடத்தில் ஏற்கெனவே குடியிருந்த சீன வணிகர்களைத் தெற்கே சம்பெங் பகுதிக்கு அனுப்பினார்கள். இன்றைய சைனாடவுன் அப்படி வந்ததுதான். ஆற்று வளைவுக்குக் குறுக்கே அகழி வெட்டி நகரத்தையே ஒரு தீவாக்கினார்கள். பின்னால் வந்த அரசர்களும் வெட்டிக்கொண்டே போனார்கள். வீடுகள் மரக்கால்களின் மேல் நின்றன. ஆற்றோரத்தில் மிதவைகளின் மேலும் இருந்தன. கடை படகில் வந்தது. விடிகாலையில் பிச்சை ஏற்கப் பிக்குவும் படகில் வந்தார். சாலை என்ற ஒன்றுக்கு அங்கே பெரிய தேவை எழவில்லை.

1855-ல் பிரிட்டனுடன் பௌரிங் ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஐரோப்பியர்கள் வந்து தங்கினார்கள். காற்றோட்டமாகக் குதிரையில் போய்வர வழியில்லை, உடம்பு கெடுகிறது என்று அந்நியத் தூதர்கள் அரசர் மோங்குட்டிடம் முறையிட்டார்கள். 1862-ல் வேலை ஆரம்பித்து 1864-ல் சரோன் குருங் சாலை திறக்கப்பட்டது. அந்த நகரத்தின் முதல் நவீனச் சாலை அது. அதன்பின் கால்வாய் தோண்டிய மண்ணைக் கரையில் கொட்டிச் சாலை போடுவது வழக்கமாயிற்று. கார்கள் பெருகியதும் அந்தக் கால்வாயையே தூர்த்துச் சாலையை அகலமாக்கினார்கள். வங்கிகளும் ஓட்டல்களும் நிறைந்த இன்றைய சிலோம் சாலையின் அடியில் புதைந்திருப்பது ஒரு கால்வாய். பக்கத்துச் சாத்தோன் சாலை தப்பித்தது. அங்கே இருபுறமும் போக்குவரத்து ஓட, நடுவில் ஒடுங்கிப்போன தண்ணீர் இன்னும் கிடக்கிறது. மேம்பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் பழைய பாங்காக்கின் அளவுத்திட்டம் முழுக்க அந்த ஒரு கீற்றில் தெரியும்.

சந்துகளின் கதையும் இதோடு ஒட்டியது. நகரம் கிழக்கே பரவியபோது அங்கிருந்தவை வயல்களும் தோப்புகளும். தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும் என்பதால் நிலங்கள் கால்வாய்க் கரையில் தொடங்கி உள்ளே நீளும் ஒடுக்கமான பட்டைகளாகப் பிரிந்திருந்தன. மனை போட்டு விற்கும் காலம் வந்ததும் ஒவ்வொரு நிலக்காரரும் தன் பட்டைக்குள் மட்டும் ஒரு வழி விட்டார். பக்கத்து நிலத்தின் வழியோடு அதை இணைக்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இணைக்கச் சொல்லி வற்புறுத்தும் நகரத் திட்டமும் அன்று இல்லை. அப்படிப் பிறந்தவைதான் சோய் எனப்படும் சந்துகள். முதுகெலும்பிலிருந்து பிரியும் மீன் முட்களைப்போல பெரிய சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போய், பெரும்பாலும் ஒரு மதில் சுவரில் முடிந்துவிடும். பக்கத்துச் சோயில் இருக்கும் வீட்டுக்குப் போகவும் பெரிய சாலைக்கு வந்துதான் திரும்பவேண்டும். ஆகவே ஊரில் கிளம்பும் ஒவ்வொரு வண்டியும் அந்த ஒரே சாலையில் வந்து விழுகிறது. சோய் முனையில் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து காத்திருக்கும் பைக் டாக்சிக்காரர்கள் இல்லையென்றால் பாங்காக் ஒரே நாளில் முடங்கிவிடும். அலுவலகம் போகும் பெண்கள் குட்டைப் பாவாடையோடு ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல், ஒரு கையில் ஐஸ் காபியோடு போவார்கள்.

நான் சாலையை விட்டுவிட்டேன். அசோக் சந்திப்பிலிருந்து வடக்கே கால் மணி நேரம் போல நடந்தால் சேன் சேப் கால்வாயின் படகுத்துறை வரும். பாங்காக் போகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் யோசனை இதுதான்: மிதக்கும் சந்தை பார்க்க நூறு கிலோமீட்டர் வண்டி பிடித்துப் போவதற்கு முன்னால், மாலை ஆறு மணிக்கு இந்தத் துறையில் வந்து நில்லுங்கள்.

முதலில் டீசல் என்ஜினின் உறுமல் கேட்கும், பிறகு பாலத்தின் வளைவிலிருந்து நீண்ட ஒடுக்கமான படகு வேகத்தைக் குறைக்காமல் வரும். கடைசி நொடியில் என்ஜினைப் பின்னுக்கு இழுத்து, பக்கவாட்டில் கட்டிய டயர்கள் துறைமேல் முட்ட, கண்டக்டர் ஒரு கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடிப்பார். கட்டுவது கிடையாது, சுற்றிப் பிடிப்பதுதான். அந்தச் சில நொடிக்குள் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் படகின் விளிம்பில் கால் வைத்து, கயிற்றைப் பற்றிக் குனிந்து உள்ளே போய்விடவேண்டும். குதிகால் உயர்ந்த செருப்போடு ஒருவர், பள்ளிச் சீருடையில் இரண்டு பேர், காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. யாரும் தள்ளுவதில்லை. பாட்டியின் பையை முதலில் உள்ளேயிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும், பிறகு பாட்டியை.

கண்டக்டர்கள் படகுக்கு உள்ளே வருவதே இல்லை. ஒரு சாண் அகலமுள்ள வெளி விளிம்பில் நடந்துகொண்டே சீட்டு கொடுத்து, சில்லறை வாங்கி, மீதியும் தருவார்கள். தலையில் ஹெல்மெட். எதற்கென்று முதல் தாழ்ந்த பாலம் வரும்போது புரியும். பாலத்துக்கு முன்னால் படகின் கூரையே கீழே இறங்கும். உட்கார்ந்திருப்பவர்கள் தலையைச் சற்றுக் குனிவார்கள், வெளியே நிற்கிற கண்டக்டர் மடங்கி உட்காருவார். எதிரே இன்னொரு படகு வந்தால் அலை எழும். அந்தத் தண்ணீர் கறுப்பு. மேலே பட்டால் நாள் முழுக்க நாற்றம் போகாது. அதற்காகப் பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய் கட்டி, அதை ஏற்றி இறக்கக் கயிறு வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் உட்காருகிறவருக்கு அந்தக் கயிறு பொறுப்பு. யாரும் சொல்லித் தருவதில்லை. என் பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்த ஒரு மாணவி, எதிர்ப்படகின் சத்தம் வந்ததும் கண்ணைத் திறக்காமலே கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை ஏற்றினாள். அலை அடித்து அடங்கியதும் இறக்கினாள். வரிசைக்கு ஒருவர் இப்படிச் செய்ய, படகு முழுக்கத் தார்ப்பாய்கள் ஏறி இறங்கியபடி இருந்தன. முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர் ஒருவரையொருவர் நனையாமல் காத்துக்கொள்கிற இந்தக் காட்சிக்காகவே நான் பாங்காக்கை நேசிக்கிறேன்.

சேன் சேப் ஒரு போருக்காக வெட்டப்பட்ட கால்வாய். கம்போடியா யார் பிடியில் இருப்பது என்று சயாமும் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) வியட்நாமும் மோதிக்கொண்ட காலத்தில், படையையும் ஆயுதத்தையும் கிழக்கே கொண்டுபோக மூன்றாம் ராமா உத்தரவிட்டு 1837-ல் தொடங்கி 1840-ல் முடித்தார்கள். சீனக் கூலியாட்கள் மண் எடுத்தார்கள். தெற்கே பத்தானியிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாய் முஸ்லிம்களைக் கரையோரம் குடியமர்த்தினார்கள். பௌத்த நாட்டின் தலைநகரில் படகில் போகும்போது மசூதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படுவதன் காரணம் இது. பயணிகள் படகு ஓடத் தொடங்கியது 1990-ல்தான். சுமார் 18 கிலோமீட்டர் தூரம், கட்டணம் சில பாட் காசு. சாலையில் ஒரு மணி நேரம் பிடிக்கும் தொலைவைப் படகு இருபது நிமிடத்தில் முடித்துவிடும்.

சப்பான் ஹுவா சாங் துறைக்கு அருகே வடகரையில் ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. பான் குருவா. முதலாம் ராமாவின் படையில் போரிட்டதற்காகச் சாம் இனத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த நிலம். அவர்கள் பட்டு நெசவாளர்கள். எதிர்க்கரையில் ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், பழைய தேக்கு வீடுகள் ஆறைப் பிரித்துக் கொண்டுவந்து ஒரே வீடாகக் கட்டி 1959-ல் குடிவந்தார். கால்வாயைக் கடந்தால் தறி. பான் குருவா நெய்த பட்டுதான் அவர் மூலமாக உலகம் முழுக்கப் போயிற்று. 1967 மார்ச்சில் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப்போனவர் திரும்பவில்லை. இன்றுவரை தடயம் கிடைக்கவில்லை. அவர் வீட்டைப் பார்க்கத் தினமும் கூட்டம் வருகிறது. அக்கரைக்குப் போகிறவர்கள் மிகச் சிலர்.

எனக்கு அக்கரைதான் முக்கியம். ஒருவர் போனால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டவேண்டிய சந்து, வாசலிலேயே சமையல், ஓரிரு வீட்டில் இன்னும் தறிச்சத்தம். எக்ஸ்பிரஸ் சாலையின் இறங்குவழி ஒன்றை இந்தக் குடியிருப்பின் மேல் கொண்டுவர அரசாங்கம் திட்டம் போட்டது. பான் குருவா மக்கள் வருடக்கணக்கில் போராடி அதைத் தடுத்து நிறுத்தினார்கள். கால்வாய்களைத் தூர்த்த காலத்தில் இப்படி எழுந்து நிற்க ஊருக்கு ஊர் ஆள் இருந்திருந்தால் என்று நினைக்காமல் அந்தச் சந்தைக் கடக்க முடியவில்லை.

பிரதூனாமில் படகு மாறவேண்டும். அங்கே துணி மொத்த வியாபாரம். இந்திய வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மேற்கே கடைசித் துறை பான்ஃபா. இறங்கினால் எதிரே பொன்மலை எனப்படும் செயற்கைக் குன்றும், அதன் அடியில் வாட் சகேத் ஆலயமும். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் ராட்சத ஊஞ்சல்: சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு நெடிய தேக்குத் தூண்கள். ஊஞ்சல் பலகை இல்லை. 1784-ல் எழுப்பியது. மிக உயரத்தில் ஆடி, காசு முடிச்சை வாயால் கவ்வும் சடங்கு 1935-ல் நின்றுவிட்டது. பக்கத்திலேயே, ஊஞ்சல் எழுந்த அதே 1784-ல் கட்டிய தேவஸ்தானத்தில் சிவன், விநாயகர், நாராயணன் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி. இங்குள்ள அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பவாய், திரிபவாய் விழாக்கள் நம் திருவெம்பாவை, திருப்பாவையின் பெயரைத் தாங்கியவை. சிவன் பத்து நாளும் திருமால் ஐந்து நாளும் பூமியில் வந்து தங்குவதாக ஐதீகம். மார்கழிக் குளிரில் நாம் பாடுவது கடல் தாண்டி ஒரு மன்னனின் சடங்காகியிருக்கிறது. வெயிலில் அந்தத் தூண்களின் அடியில் நின்று இதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பசி வந்தால் வெற்றி நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் கால்வாய் ஓரத்துக் கடைகளுக்குப் போகலாம். படகு நூடுல்ஸ். முன்பு உண்மையாகவே படகில் விற்றது. ஆடும் படகிலிருந்து கரையில் இருப்பவருக்குக் கொதிக்கிற குழம்பை எட்டிக் கொடுக்கவேண்டும் என்றால் கிண்ணம் சின்னதாகத்தான் இருக்கமுடியும். விற்றவரே துடுப்பும் போட்டு, அடுப்பும் பார்த்து, கிண்ணமும் கழுவினார். இன்று கடை தரைக்கு ஏறிவிட்டது. கிண்ணம் மட்டும் அதே அளவு. இரண்டு வாய்தான் வரும். ரத்தம் சேர்த்துக் கறுத்த குழம்பு, நாலு இழை நூடுல்ஸ், இறைச்சித் துண்டு ஒன்று, துளசியிலை. காலிக் கிண்ணங்களை மேசையில் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்திருந்த மேசையில் கிண்ணக் கோபுரத்துக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.

நள்ளிரவுக்கு மேல் பாக் குலோங் பூச்சந்தை. கால்வாய் ஆற்றில் சேரும் முகத்தில் இருக்கிறது. செண்டுமல்லி சாக்குச் சாக்காக வந்து இறங்கும். தாமரை மொட்டின் வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து விரல்களாலேயே வேறு பூவாக்கிவிடும் பெண்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மாலை கட்டும் வேலை. நம்மைப்போல் விரலில் நார் சுற்றித் தொடுப்பதில்லை. முழநீள ஊசி ஒன்றில் மல்லிகை மொட்டுகளைக் குறுக்காக, காம்பு உள்ளேயும் நுனி வெளியேயும் இருக்க, சுற்றிச் சுற்றிக் கோக்கிறார்கள். ஊசி நிறைந்ததும் அப்படியே நூலுக்குத் தள்ளினால் இடைவெளியே தெரியாத வெள்ளை வளையம். அதன் கீழே குஞ்சம். குஞ்சத்துக்கு எருக்கம்பூ! நாம் விநாயகருக்குச் சாத்தும் அதே எருக்கு, இதழ் நீக்கி நடுமொட்டை மட்டும் கோத்து, நுனியில் ஒரு ரோஜா மொட்டு. டாக்சிக் கண்ணாடியிலும், பேய்வீடு எனப்படும் காவல்தெய்வ மாடங்களிலும், படகின் முனையிலும் தொங்குவது இந்த மாலைதான். சிலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் வாசலிலும் தாய்லாந்துப் பெண்கள் இதைத்தான் விற்கிறார்கள். அம்மனும் ஏற்றுக்கொள்கிறாள். நவராத்திரி முடிந்து அம்மன் புறப்பாடு வரும் இரவில் அந்தப் பெரிய சாலையையே அடைத்துவிடுவார்கள். கற்பூரத் தட்டோடு வழிநெடுகக் காத்திருப்பவர்களில் தாய்லாந்து மக்களே அதிகம்.

தண்ணீரை இடம் மாற்றியதற்கு நகரம் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முடியாது. பாங்காக் கடல்மட்டத்துக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் மேலே, மெத்தென்ற களிமண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஆலைகளும் அடுக்குமாடிகளும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, ஒரு கட்டத்தில் சில பகுதிகள் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வரை தாழ்ந்தன. 1977-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்து, எடுக்கும் நீருக்குக் கட்டணமும் போட்ட பிறகு வேகம் குறைந்தது. இறங்கிய தரை மேலே வராது. 2011-ல் வடக்கிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் நாடு முழுக்க எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். டான் முவாங் விமான நிலையம் மூழ்கியது. நகரத்தின் மையத்தைக் காப்பாற்ற மணல்மூட்டைச் சுவர் எழுப்பி மதகுகளை மூடினார்கள். சுவருக்கு வெளியே இருந்த புறநகர் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. சேன் சேப்பில் வந்து சேரும் சாம் வா கால்வாயின் மதகுக்கு மக்கள் திரண்டு வந்து, எங்கள் வீட்டுத் தண்ணீர் வடியட்டும், திறந்துவிடு என்று நின்றார்கள். மதகு ஒரு மீட்டர் உயர்ந்தது. அவர்கள் கேட்டது நியாயம். மையம் நனையாமல் இருக்க ஓரம் மூழ்கவேண்டும் என்ற கணக்கை எந்த நகரமும் போடக்கூடாது. நம் ஊரிலும் மழைக்காலம் வந்தால் இந்தக் கணக்கு போடப்படுகிறது.

அந்த வெள்ளத்துக்குப் பின் வந்தவற்றில் ஒன்றை நான் தேடிப்போய்ப் பார்த்தேன். சுலாலங்கோன் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுப் பூங்கா, 2017-ல் திறந்தது. வடிவமைத்தவர் கொச்சகோர்ன் வோரகோம் என்ற நிலத்தோற்றக் கலைஞர். பதினோரு ஏக்கர் நிலத்தையே மூன்று டிகிரி சாய்த்துவிட்டார். மேல்முனையில் புல்வேய்ந்த கூரையில் விழும் மழை, இரண்டு பக்கமும் நாணல் வளர்ந்த தொட்டிகள் வழியாக வடிகட்டிக்கொண்டு இறங்கி, கீழ்முனைக் குளத்தில் சேர்கிறது. மொத்தமாக 38 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்தப் பூங்கா பிடித்து வைக்கும். குளக்கரையில் சைக்கிள் மாதிரி பெடல்கள் வைத்திருக்கிறார்கள். மிதித்தால் தண்ணீரில் காற்று கலக்கும். நான் போனபோது இரண்டு மாணவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்கா நல்லது. ஆனால் பாங்காக்கில் இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்வாய்கள் சிறிதும் பெரிதுமாக மிஞ்சியிருக்கின்றன. மழைநீர் போக வழியும், மனிதர் போக வழியும் ஏற்கெனவே வெட்டிக் கிடக்கின்றன. சேன் சேப்பில் விழும் சாக்கடையை நிறுத்தி, இன்னும் நாலைந்து கால்வாயில் இதேபோல் படகு விட்டாலே சுகும்வித்தில் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை வீட்டிலேயே இருக்கும். 1990-ல் ஒருவர் படகை விட்டுக் காட்டியதும் கூட்டம் வந்து ஏறிக்கொண்டது, இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆய்வு வேண்டும்?

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: படகு இரவு வெகுநேரம் ஓடாது, வார இறுதியில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஓர இருக்கை கிடைத்தால் கயிற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் யாவோராத்: தங்கக் கடைகளும் நள்ளிரவுச் சாப்பாடும்.

(தொடரும்)